சயாமில் கற்ற பிடி

1946 ஐப்பசியில் சோணைமுத்து கீழக்குயில்குடிக்குத் திரும்பி வந்தபோது ஊர் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: முத்துக்கருப்பன் எங்கே?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒன்றாக மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள். யுத்தம் வந்ததும் ஜப்பான்காரன் இருவரையும் ரயில்பாதை போடச் சயாம் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். முத்துக்கருப்பன் அங்கே வாந்திபேதியில் செத்தான். சோணைமுத்து சாகவில்லை. ஊர் பார்வையில் அதுவே குற்றம்.

அதை அவனே பெரிதாக்கியும் கொண்டான். எப்படிப் பிழைத்தாய் என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

சயாமில் அவர்களுக்குப் பாறையில் வெடி வைக்கத் துளை போடும் வேலை. ஒருவன் உளியைப் பிடிக்க, மற்றவன் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு பிடிப்பவன் உளியைக் கால்வட்டம் திருப்பாவிட்டால் அது கல்லில் சிக்கிக்கொள்ளும். முத்துக்கருப்பன் கிணறு வெட்டும் வீட்டுப் பிள்ளை, அவன் அடித்தான். சோணைமுத்து பிடித்தான். அங்கே மேஸ்திரியாக இருந்த ஜப்பான்காரன் விடிந்ததும் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "இகிகாய்" என்று ஒரு சொல்லைச் சொல்வான். தமிழ்க் கங்காணி அதற்கு விளக்கம் சொல்வார்: "எதுக்காக உசுரோட இருக்க, காலையில எது ஒன்ன எழுப்புதுன்னு கேக்குறாரு. அது தெரிஞ்சவனுக்கு வேல பாரமா இருக்காதாம்."

"மூங்கித்தடி எழுப்புதுன்னு சொல்லுங்க கங்காணி" என்பான் முத்துக்கருப்பன்.

உபதேசம் முடிந்ததும் மேஸ்திரி காய்ச்சல்காரனையும் அதே தடியால் பாறைக்கு விரட்டுவான். மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் சோணைமுத்து காறித் துப்புவான். ஆனால் கேள்வி காதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உளியைத் திருப்பும் நொடியில் தனக்குப் பசியும் பயமும் மறந்துபோவதை ஒருநாள் கவனித்தான். துளை நேராக இறங்குகிறதா என்பது ஒன்றே அப்போது மனசில் இருந்தது. முத்துக்கருப்பனைப் புதைத்த மறுநாளும் அவன் எழுந்தது அதற்காகத்தான்.

இதைத்தான் ஊரில் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் முத்துக்கருப்பனின் அண்ணன் நல்லகாமனும் இருந்தான். அந்த வட்டாரத்தில் கிணறு வெட்டும் கூட்டம் அவன் கையில்.

"ஓகோ. மந்திரம் சொல்லிக் குடுத்தானாக்கும் ஒங்க மேஸ்திரி" என்றான் நல்லகாமன். "என் தம்பிக்கு மட்டும் அது பலிக்கலையோ?"

அன்று முதல் சோணைமுத்துவுக்கு ஊரில் 'ஜப்பான்' என்று பெயர்.

உளி பிடிக்க இடம் கேட்டுப் போனவனை நல்லகாமன் கல் சுமக்க விட்டான். பெண்களோடு பெண்களாகக் கூடை தூக்கி மூன்று மாதம் ஏறி இறங்கினான். கீழே துளை கோணலாகப் போகும் ஓசை மேலே அவனுக்குக் கேட்கும், பல்லைக் கடித்துக்கொள்வான்.

"கூலி வருதுல்ல? உளியப் பிடிச்சாத்தான் சோறு எறங்குமாய்யா?" என்று கேட்டாள் மனைவி இருளாயி.

"எறங்கல" என்றான்.

தை மாதம் சமணர் மலைக்குத் தெற்கே ஒரு கிணற்றில் கரும்பாறை குறுக்கிட்டது. நல்லகாமனுக்கு உளி பிடித்துவந்த விருமாண்டி ஒரு மத்தியானம் எழுந்துவிட்டான். "அண்ணே, ஒங்க அடி இப்பல்லாம் கண்ட பக்கம் விழுது. எனக்குக் கை வேணும். நான் வாரேன்" என்று மேலேறிப் போனான். வேறு யாரும் உட்கார வரவில்லை.

சோணைமுத்து கூடையை வைத்துவிட்டு இறங்கி, உளியைத் துளையில் நிறுத்திப் பிடித்தான்.

நல்லகாமன் சம்மட்டியைத் தரையில் ஊன்றினான். "எந்திரி ஜப்பான். ஒன் மூஞ்சியப் பாத்து அடிச்சா எனக்குக் குறி தப்பும்."

"மூஞ்சிய ஏண்ணே பாக்குறீங்க? உளித்தலையப் பாருங்க."

மேலே யாரோ சிரித்தார்கள். சம்மட்டி உயர்ந்தது. நாற்பது அடிகள் நேராக விழுந்தன. அடுத்தது உளித்தலையின் ஓரத்தில் வழுக்கிச் சோணைமுத்துவின் வலது கட்டைவிரலில் இறங்கியது. வேண்டுமென்றே அடித்தானா என்று மேலே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் நல்லகாமனுக்கே தெரிந்த மாதிரி இல்லை.

சோணைமுத்து தலைத்துண்டைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினான். நல்லகாமன் சம்மட்டியை அவன் முன்னால் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து உளியைத் தன் கையில் பிடித்தான்.

"அடிடா. நீயும் ஒன்னு அடிச்சிரு. கணக்குத் தீந்துரும்."

"எனக்குச் சம்மட்டி வராது" என்றான் சோணைமுத்து. "அங்க ஜப்பான்காரன் தடிய ஓங்கிக்கிட்டு நின்னான், ஒங்க தம்பி அடி ஒன்னுகூடத் தப்பல. நீங்க யாருக்குப் பயந்து இப்படி அடிக்கிறீங்க? நகருங்க. நான் பிடிக்கணும்."

நல்லகாமன் நகர்ந்தான். இடது கையால் பிடித்த உளி பொழுது சாய்வதற்குள் இரண்டு சாண் இறங்கியது. துளையிலிருந்து கல்மாவை வழித்தெடுத்தபோது சோணைமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்தது. விரல்வலி என்று நினைத்து மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

அதன்பின் இருவரும் சேர்ந்து பதினேழு கிணறு வெட்டினார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போனதில்லை. கஞ்சி குடிக்கும்போதும் தனித்தனி நிழல்தான். சோணைமுத்துவின் விரல் கோணலாகவே கூடியது. ஜப்பான்காரனைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால் சோணைமுத்து காறித் துப்புவான். விடிவதற்கு முன்பே கிணற்றடிக்கு வந்து, உளியின் முனையை இடது கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, தன்னோடு பேசாத அந்த மனிதன் எப்போது வருவான் என்று உட்கார்ந்திருப்பான்.