அசையாது என்று நினைத்த இடம்

அண்ணன் வரைந்த படத்தில் அந்த இடம் ஒரு சின்னக் கறுப்பு முக்கோணமாக இருந்தது. பூம்பாறையில் எங்கள் வீட்டுக்குள் காயப்போட்டிருந்த பூண்டை ஒதுக்கிவிட்டு, தரையில் படத்தை விரித்தார். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் தைலம் காய்ச்சும் ஆலைக்குப் பெரிய இரும்புக் கலம் ஒன்று புதிதாக வரவிருந்தது. மதுரையில் இஞ்சினியராக இருந்த அண்ணன்தான் அதற்குக் குழாய் வேலைகளை வடிவமைத்தவர். என் கணவர் அந்த ஆலையில் பாய்லர் ஆப்பரேட்டர். இருவரும் படத்தின்மேல் குனிந்திருந்தார்கள். "நீராவிக் குழாய் வந்து கலத்தோட சேர்ற வாய் இதுதான் மாப்ள, நாசில்னு சொல்லுவாங்க. குழாய் சூட்டுல நீளும், அதுக்கு வளைவு விட்டிருக்கேன். நாசில் அசையாது" என்றார் அண்ணன். அந்த முக்கோணத்துக்கு அதுதான் அர்த்தம். "நீங்க சொன்னாச் சரிதான் மச்சான்" என்று இவர் சிரித்தார். ஐம்பதுகள் முடியும் காலம் அது. அந்தக் கலம் வந்து இறங்கியபோது என் மகள் வயிற்றில் இருந்தாள்.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே ஓடியது. இவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சட்டையிலிருந்து தைல வாசனை வீசும். மசக்கையில் எனக்குக் குமட்டும் என்று வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வருவார். ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, கலத்துக்கு நீராவியைத் திறந்துவிட்டபோது நாசில் பிளந்துகொண்டது. எதிரே நின்றிருந்த இவர் வெந்துபோனார்.

தகவல் தெரிந்து அண்ணன் வத்தலக்குண்டு வழியாக மலையேறி வந்தார். முதலில் ஆலைக்குப் போய்ப் பிளந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தாலும் இவருக்கு அண்ணனின் குரல் அடையாளம் தெரிந்தது. "மச்சான், நான் மெதுவாத்தான் தொறந்தேன். அவசரப்படல" என்றார். "தெரியும் மாப்ள, உங்கமேல தப்பு ஒண்ணுமில்ல" என்று அண்ணன் சொன்னார். மறுநாள் விடிவதற்குள் இவர் போய்விட்டார்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். வால்வை வெரசாத் திறந்ததுதான் காரணம் என்று ஆலை மேனேஜர் சாதித்தார். செத்தவர் வந்தா மறுக்கப் போகிறார்? நிறைவயிற்றோடு நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எழுந்தார். "தப்பு எங்கணக்குலங்க. குழாய் நீளும்னு பார்த்தேன். ஆனா கலமும் சூட்டுல வளருங்க; நாசிலையும் சேர்த்து மேல தூக்கும். நான் அத அசையாத சொவரு மாதிரி வச்சுக் கணக்குப் போட்டுட்டேன். மேல போகப் பாக்குற வாயக் குழாய் பிடிச்சு இழுத்திருக்கு. தெனமும் சூடேறி ஆறி, அங்கேயே விண்டுபோச்சு. எப்படித் தொறந்தாலும் ஒருநா பிளந்திருக்கும்" என்றார். மேனேஜர் அவரை வியப்பாகப் பார்த்தது நினைவிருக்கிறது. இவர் பெயருக்கு வரவிருந்த பழி அன்றோடு நீங்கியது. அண்ணனின் வேலையும் அதோடு போயிற்று.

அதன்பின் அவர் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. வத்தலக்குண்டில் பம்புசெட் பழுதுபார்த்துப் பிழைத்தார். மகள் பிறந்தபோதும் வரவில்லை. ஆள்மூலம் தொட்டில்சேலை அனுப்பினார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் எனக்கென்று மிச்சமிருந்த சொந்தமும் அவர்தான். மகள் நடக்கப் பழகியதும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

"எந்த மொகத்த வச்சுக்கிட்டு தாயி உன் வீட்டுக்கு வர்றது?" என்றார், தலை நிமிராமல்.

"பழனியில வச்சுப் புள்ளைக்குக் காது குத்தணும்ணே. தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? நான் யாரைத் தேடிப் போவேன்?"

அண்ணன் எழுந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

இப்போது அவர் இல்லை. தகப்பன் முகம் அறியாத என் மகள், கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்றும், மாமா என்று சொல்லும்போது குரல் குழைகிறாள். அன்று பழனியில் ஆசாரி ஊசியை எடுத்ததும் அண்ணன் மடியிலிருந்தவளை அசையாமல் பிடித்துக்கொண்டார். குழந்தை வீறிட்டது. நான் கையை நீட்டினேன். அவள் என்னிடம் வராமல், அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மார்பிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளை அணைத்தபடி, அத்தனை பேர் நடுவில், அண்ணன் வாய்விட்டு அழுதார்.