செஞ்சு பாக்கற சௌந்திரம்

சுரைப்பிஞ்சை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டியபடி அசையாமல் நிற்கிறார் சௌந்திரம். ஒன்றைச் சுட்டி முடித்ததும் அடுத்த பிஞ்சு. விரலால் சுட்டினால் பிஞ்சு அழுகி விழுந்துவிடும் என்று யார் வீட்டில்தான் சொல்லவில்லை? அது நிஜமா என்று பார்க்கவே கொடியில் பாதிப் பிஞ்சுகளுக்குச் சிவப்பு நூல் கட்டி, காலையில் வந்து அவற்றை மட்டும் சுட்டிக் காட்டிவிட்டுப் போகிறார். மற்றதை மோவாயால்தான் காட்டுவார். தோட்டத்துக்காரர் விரல் போகும் பக்கமெல்லாம் பதறிப் பார்க்கிறார். "பயப்படாதீங்க. அழுகிப்போச்சுன்னா அழுகுனதையே கொளம்பு வெச்சுத் திங்கறனுங்க" என்கிறார் சௌந்திரம். கேமராவைத் தோளில் சுமந்திருக்கும் தீனதயாளன் சிரிப்பில் குலுங்க, படமும் சேர்ந்து குலுங்குகிறது.

சங்ககிரியில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் இவருக்குப் பேட்டரிக் கடை. ஐம்பதைத் தொடப்போகிற வயது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. ஆசிட் தெறித்துப் பொத்தல் விழாத முந்தானை ஒன்றுகூட அவரிடம் கிடையாது. "கல்யாணச் சேலைலயும் பொத்தல் உளுந்துருச்சு. ஊட்டுக்காரரு இன்னும் பாக்கலீங்க" என்று கண்ணைச் சிமிட்டுவார். அந்த ஊட்டுக்காரர் காளியண்ணன் என் பழைய சிநேகிதர், லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார்.

எதைச் சொன்னாலும் "நீங்க பாத்தீங்களா, ஆராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்பது இவருடைய வழக்கம். அந்தச் சாலையில் இவரிடம் மட்டும் யாரும் புறணி பேசுவதில்லை. பேசினால் சாட்சி கேட்பாரே, எவன் மாட்டிக்கொள்வான்?

ஊர் நம்புவதையெல்லாம் செய்து பார்க்கும் இவருடைய டிவி நிகழ்ச்சி பிறந்ததும் கடையில்தான். பேட்டரியை வெறும் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று டிரைவர்கள் எல்லாம் சத்தியம் செய்வார்கள். பேசிப் பேசி அலுத்துப்போன சௌந்திரம் ஒரே மாதிரிப் பேட்டரி இரண்டை எடுத்து, ஒன்றைப் பலகையிலும் ஒன்றைச் சிமெண்டுத் தரையிலும் மாதக்கணக்கில் விட்டுவைத்தார். அளந்து பார்த்த அன்று இரண்டும் ஒரே அளவு காட்டின. உள்ளூர் கேபிள் நடத்தும் தீனதயாளன் தன் வேனுக்குப் பேட்டரி வாங்க அன்றைக்கு வந்திருந்தார். அதைப் போனில் பிடித்துப் போட்டார், பற்றிக்கொண்டது. இப்போது ஞாயிறு சாயங்காலம் ஆனால் 'செஞ்சு பாத்துப்போடலாம்'. நான் இருப்பது அயோத்தியாப்பட்டணத்தில், அந்தக் கேபிள் இங்கே வராது. போனில் பார்க்கிறேன். பார்க்காத வாரம் எனக்குச் சோறு இறங்குவதில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

கிரகணத்தன்று தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கும் என்பார்களே, அதைக் கிரகணமும் இல்லாத விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண நாளில் நிறுத்திக் காட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார் மனுஷி. அடி தட்டையான உலக்கை எப்போதும் நிற்கும், கிரகணத்தன்றுதான் நமக்கு நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது என்றார். யாரையும் மட்டம் தட்டமாட்டார். "நானும் நம்பிட்டுத்தானுங்க இருந்தேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

வம்பு வந்தது ஆட்டால். நம் பக்கத்தில் கிடா வெட்டும் முன் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். துலுக்குவது என்பார்கள். சௌந்திரம் மேச்சேரிச் சந்தைக்குப் போய், கோயிலும் பூசையும் இல்லாமல், வியாபாரிகள் சம்மதித்த ஆடுகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார். முதுகில் ஊற்றினால் பெரும்பாலும் சும்மா நின்றன. காதோரம் ஊற்றினால் உதறின. "காதுக்குள்ள தண்ணி போனா நீங்களும் நானுங்கூடத் துலுக்குவமுங்க" என்று சொல்லி முடித்தார்.

அடுத்த வாரமே காளியண்ணனின் பங்காளிகளுக்குக் கருப்பணசாமி கோயிலில் கிடா வெட்டு. காளியண்ணனுக்குச் சித்தப்பா முறையான மணியன்தான் தண்ணீர் ஊற்றுகிறவர். நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு மனுஷன் கொதித்துப்போனார். "அம்மிணி, சாமிகிட்ட வெளையாட்டா? உன்னால சாமி கோவிச்சுக் கெடா துலுக்கலீன்னா உம்பட டிவி சோலிய அன்னிக்கே உட்டுப்போடோணும்" என்று பங்காளிகள் கூடியிருந்த இடத்தில் சொல்லிவிட்டார். சௌந்திரம் "செரிங்க மாமா" என்றார். அன்று இரவு சாப்பிடவில்லை என்று காளியண்ணன் என்னிடம் சொன்னார்.

விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கிடா என்றால் கிடா, பளபளவென்று செவலை நிறத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. மணியன் தண்ணீர் ஊற்றினார். கிடா கண்ணை மூடித் திறந்தது. இன்னொரு செம்பு ஊற்றினார். கிடா மாலையில் இருந்த வேப்பிலையைத் தின்றது. வெயில் ஏறிக்கொண்டே போனது. "உத்தரவு குடு சாமி" என்று எல்லோரும் கெஞ்சினார்கள். சோறு ஆறியது, குழந்தைகள் சிணுங்கின, கூட்டம் மெதுவாகச் சௌந்திரம் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. இந்த ஞாயிறு நிகழ்ச்சி கிடையாதா?

கேமராவைக் கோயில் வாசலுக்கு வெளியே விடச் சொல்லியிருந்ததால் வெறுங்கையோடு தவித்த தீனதயாளன், "அக்கா, போயி நீங்களே காதுல ஒரு கை ஊத்துங்க, முடிஞ்சுது" என்று கிசுகிசுத்தார். அவர் சொன்னதாவது பரவாயில்லை. சற்று நேரத்தில் மணியனே துண்டால் முகம் துடைப்பதுபோல் ஒதுங்கி வந்து, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்: "அம்மிணி, அன்னிக்கு எவடத்துல ஊத்துனே?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சௌந்திரம் சிரிக்கவில்லை.

"வேண்டாமுங்க மாமா. தெரிஞ்சு ஊத்துனா அது சாமி குடுத்த உத்தரவு இல்லீங்க, நாம குடுத்தது. நீங்க சாமியத்தான கேக்கறீங்க?"

"நிகழ்ச்சி போயிரும் உனக்கு."

"போனாப் போகுதுங்க. ஏமாத்திப்போட்டு அடுத்த வாரம் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிப்பேன்?"

மணியன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். போய், செம்பைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டுக் கிடாயின் முன்னால் குந்தினார். தன் இரண்டு உள்ளங்கையாலும் அதன் இரண்டு காதையும் இறுக்கி மூடினார். "இப்ப ஊத்து. முதுகுல ஊத்து. ஒரு சொட்டுக் காதுல போகப்படாது" என்றார்.

கழுத்திலிருந்து வால்வரை தண்ணீர் இறங்கியது. கிடா ஒரு கணம் யோசித்தது. பிறகு துலுக்கியது பாருங்கள், அப்படி ஒரு துலுக்கலை நான் பார்த்ததில்லை. மணியன் சேற்றில் மல்லாந்தார். முன்வரிசை முழுக்க மஞ்சளாகிவிட்டது. மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பங்காளிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், யாரென்றே தெரியாத ஒருவர் என்னையும் கட்டிக்கொண்டார். "சௌந்திரம் தோத்துப்போச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சௌந்திரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். தன்னைத் தூக்கிவிடத்தான் வருகிறார் என்று மணியன் கையை நீட்டினார். இவரோ அவரைத் தாண்டிப் போய்க் கிடாயின் பக்கத்தில் மண்டி போட்டுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. ஜெயித்தவர்கள் முகத்தில்கூட அன்றைக்கு அத்தனை சிரிப்பு இல்லை. காதுக்குப் பின்னால் ரோமத்தை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"காத மூடியுந் துலுக்கியிருக்குதுங்களே மாமா, இதெப்புடீங்க?" என்றவர், சட்டென்று நினைவு வந்தவராய்க் குரலைத் தாழ்த்தினார். "நாஞ் சொன்னது இங்க பலிக்கலீன்னு நிகழ்ச்சில சொல்லட்டுமுங்களா?"

"அம்மிணி, சோறு ஆறுது" என்று பந்தியிலிருந்து கத்தினார்கள். மணியன் சேற்றிலிருந்து எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து குந்தினார். உள்ளே வெளிச்சம் படும்படி கிடாயின் காதை மெல்லத் தூக்கிப் பிடித்தார்.