தாளில் இல்லாத பதில்

அந்த ஆஸ்பத்திரியில் ஏழு லிஃப்ட்டுகள். அத்தனையையும் பழுது பார்த்து ஓட வைத்துக்கொண்டிருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். கரணம் தப்பினால் மரணம் என்கிற வேலை. அதைப் பத்து வருடம் குடித்துக்கொண்டே செய்தார், பிறகு ஐந்து வருடம் குடிக்காமல் செய்தார். அந்த ஐந்து வருடத்தை மெச்சித்தான் ஆஸ்பத்திரி அவருக்கு இன்னொரு வேலையும் கொடுத்தது. நோயாளியாக நடிக்கிற வேலை.

குடி, புகை, போதை மாத்திரை பற்றியெல்லாம் நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று நர்சுகளுக்கும் புது டாக்டர்களுக்கும் அங்கே பயிற்சி நடக்கும். நடத்துகிற டாக்டரம்மா அவர் கையில் ஒரு தாளைக் கொடுப்பார். 'நீங்கள் வேன் டிரைவர். வயிற்று வலிக்காக வந்திருக்கிறீர்கள். குடியைப் பற்றிக் கேட்டால் மறுக்க வேண்டும்.' எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு வேறொரு தாள். அதில் பன்னிரண்டு கேள்விகள், கேள்விக்கு ஒரு மதிப்பெண். லிஃப்ட்காரர் பிரமாதமாகப் புளுகுவார். பத்து வருட அனுபவம் சும்மா போகுமா?

ஆனால் இந்த முறை அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது, மூன்று வாரமாக மறுபடியும் குடித்துக்கொண்டிருந்தார். மனைவிக்குக்கூடத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை மனுஷன் மறக்கவே இல்லை. "அஞ்சு வருஷமாமே, பெரிய விஷயம்ங்க!" என்று யாராவது தோளைத் தட்டினால், திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி சிரித்து வைப்பார். திங்கட்கிழமை பிரசவ வார்டு லிஃப்ட்டுக்கு இரும்புக் கயிறு மாற்ற வேண்டும். காலை வேளைகளில் கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

அன்று காலை நான்கு பேர் அவரிடம் பன்னிரண்டு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்தாவதாக வந்தவர் காயத்துக்குக் கட்டுப்போடும் அறையின் நர்ஸ். கனத்த உடம்பு, கணீர்க் குரல். ஆஸ்பத்திரியில் புதிதாகத் திறக்கப்போகிற குடிநோய் சிகிச்சைப் பிரிவில் சேர ஆசை அவருக்கு. இந்தப் பயிற்சியில் தேறினால்தான் அது நடக்கும்.

"அண்ணே, உங்களுக்குக் குடிப்பழக்கமெல்லாம் இருக்காதுல்ல?" என்று ஆரம்பித்தார்.

அறை கொல்லென்று சிரித்தது. பதிலையும் தானே ஊட்டிவிட்டுக் கேட்கிற கேள்வி அது. நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். கையிலிருந்த தாளை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார்.

"தப்பாக் கேட்டுட்டேன். திரும்பக் கேக்கட்டுமா?"

"கேளுங்க சிஸ்டர்."

"நீங்க சொல்றது என்னைத் தாண்டிப் போகாது. சொல்லப் பிடிக்கலைன்னாலும் பரவாயில்லை. கடைசியா எப்போ குடிச்சீங்க? அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் சும்மா இருந்தார். புண்ணோடு ஒட்டிக்கொண்ட கட்டை வெடுக்கென்று இழுக்காமல், நனைத்துவிட்டு அது தானாக விடும்வரை காத்திருந்து பழகியவர் அவர்.

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தது புளுகத்தான். வந்ததோ வேறு.

"நேத்து சாயங்காலம். மெஷின் ரூம்ல, தனியா. ஸ்பானரைக்கூட ஒழுங்காப் பிடிக்க முடியலை. திங்கக்கிழமையை நினைச்சா பயமா இருக்கு சிஸ்டர். வீட்டுல அவ முகத்தைப் பாக்க முடியலை."

நர்ஸின் முகம் மாறியது. வேன் டிரைவருக்கு மெஷின் ரூம் ஏது என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் உறைத்தது.

"சொன்னீங்களே, அதுவே பெருசு," என்றார் மெதுவாக. "அடுத்து என்ன செஞ்சா உங்களுக்குக் கொஞ்சம் லேசாகும்?"

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"அபாரமான நடிப்பு சார்! கண்ணுல தண்ணியே வந்துடுச்சே!" என்ற டாக்டரம்மா, நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், பன்னிரண்டுல மூணுதான் கேட்டிருக்கீங்க. தேறலை. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

'மேடம், அவர் நடிக்கலை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நர்ஸ் தப்பித்திருக்கலாம். அவர் லிஃப்ட்காரரை ஒரு தடவை பார்த்தார். "சரிங்க மேடம்," என்று எழுந்துகொண்டார்.

கைதட்டலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் இந்த மனுஷன். இந்த மூன்று வாரமும் செய்தது அதைத்தானே? ஆனால் தன் ரகசியத்தைக் காக்க ஒருத்தி தன் ஆசையை விட்டுக்கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார்.

"டாக்டரம்மா, நான் நடிக்கலை. மூணு வாரமா நிஜமாவே குடிக்கிறேன். காலைல நாலு பேரு பன்னிரண்டும் கேட்டாங்க, பன்னிரண்டுக்கும் புளுகினேன். இவங்க கேட்டது மூணுதான்."

டாக்டரம்மா கையிலிருந்த மதிப்பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த அம்மாளைப் பாராட்டத்தான் வேண்டும், எல்லோர் முன்னாலும் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மதிப்பெண்ணை அடித்துத் திருத்தினார்.

சாயங்காலத்துக்குள் லிஃப்ட்காரருக்கு வார்டில் ஒரு கட்டில் கிடைத்தது, நடுக்கத்துக்கு மருந்தும் கிடைத்தது. மனைவியிடம் அவரே போனில் சொன்னார். அவள் திட்டித் தீர்த்தாள், அழுதாள், அடுத்த பஸ்ஸைப் பிடித்து மாற்றுத் துணியோடு வந்து சேர்ந்தாள். கயிறு மாற்றும் வேலை வேறொருவர் கைக்குப் போனது. ஆறு மாதத்துக்கு லிஃப்ட் பக்கமே வரக்கூடாது என்று மேலதிகாரி சொன்னதற்கு, "ரொம்ப நன்றிங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் நர்ஸ் பார்க்க வந்தார். வந்ததும் வராததுமாகச் சண்டை.

"உங்களை யாருண்ணே எழுந்திரிக்கச் சொன்னது? நான் ஆறு மாசம் கழிச்சு வந்துட்டுப் போறேன். உங்க வேலை போயிருந்தா?"

லிஃப்ட்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைகூப்பினார்.

"அஞ்சு வருஷமாப் பாக்கறவங்க எல்லாரும் 'விட்டுட்டீங்கல்ல, விட்டுட்டீங்கல்ல'ன்னுதான் கேட்டாங்க சிஸ்டர். ஆமான்னு சொல்றதைத் தவிர எனக்கு வேற வழியில்லாமப் போச்சு. நீங்க ஒருத்தர்தான் இல்லைன்னு சொல்ல இடம் விட்டீங்க."