கலங்கல் என்று அவள் சொன்ன தண்ணீர்

என் மனைவிக்கு இப்போது வலது கண்ணில் ஒன்றும் தெரியாது. இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் தெரியும். எல்லாவற்றுக்கும் சீனி வருத்தம், அந்த நீரிழிவுதான் காரணம் என்று டொக்டர் சொன்னார். அது சரிதான். ஆனால் அந்தக் கண் போய்க்கொண்டிருந்த எட்டு ஒன்பது மாதமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நான் வீட்டுக்குப் பின்னால் மீன் குளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பலாபத்வலயில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் மண் பாதையில் இருக்கிறது. வீடு கட்டும்போது தண்ணீர் பிடித்து வைக்கத் தோண்டிய குழியை மூடாமலே விட்டிருந்தோம். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இடுப்பளவு ஆழம். ஒரே மகளைக் கலேவெலயில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துபோனது. நான் சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாதவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டதற்கும் அதுதான் காரணம். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் வாய் வராது. ஒரு நாள் என் மனைவி சொன்னாள்.

"ஏங்க, அந்தக் குழிக்கு சீமெந்து பூசி மீனு வாங்கிப் போடுங்களேன். அதுகளாவது என்னப் பாத்து வாயத் தொறந்து மூடும்."

நான் வேலை செய்வது ஹார்ட்வெயார் கடையில். சாமான் ஏற்றி இறக்கும் வேலை. உடைந்த மூட்டைச் சீமெந்தைக் கேட்டு வாங்கி வந்து பூசினேன். புதுச் சீமெந்தின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரை மூன்று தடவை மாற்றினேன். பிறகு மாத்தளை டவுனில் ஏழு மீன் வாங்கி வந்தோம். எல்லாம் செம்மஞ்சள். இரண்டில் மட்டும் வெள்ளைப் பொட்டு இருந்தது.

அவள் வாசனைச் சரக்கு ஸ்டோர் ஒன்றில் வேலை செய்தாள். சாதிக்காயின் மேல் சுற்றியிருக்கும் வசவாசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலை. நல்ல சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் விழுந்தது ஒரு பக்கம், பூஞ்சணம் பிடித்தது ஒரு பக்கம். வாசல் வெளிச்சத்தில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு சுளகு முடிப்பதற்குள் இவள் இரண்டு முடித்துவிடுவாள். பதினெட்டு வருஷமாக அவள் பிரித்ததை யாரும் திரும்பப் பார்த்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். சுவர் கட்டிய மேசன் பாஸிடம் ஒரு விரல் சரிந்திருக்கிறது என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு வரிசைக் கல்லைக் கழற்றினார். எங்கள் வீட்டில் பார்க்கிற காரியம் எல்லாம் அவளுடையது. அவள் சொன்னால் நான் என் கண்ணை நம்பமாட்டேன்.

முதல் வருஷம் தண்ணீர் நன்றாக இருந்தது. இரண்டாவது வருஷம் வெயில் காலத்தில் கீரை அவித்த தண்ணீர் போலப் பச்சையாகிவிட்டது. மீன் மேலே வந்தால்தான் தெரியும். தண்ணீரை இறைத்து மாற்றினால் மூன்று நாளில் திரும்பவும் பச்சை. வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டு, கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து, பிளேன்டீயோடு மீனைப் பார்ப்பது அவளுடைய வழக்கம். ஒரு நாளில் அவளுக்கு வேறு எந்தச் சந்தோஷமும் இருக்கவில்லை. அதனால் நான் பில்டர் ஒன்று செய்ய ஆரம்பித்தேன்.

கடையில் வாய் வெடித்த நீலப் பீப்பாய் ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து அடியில் துளை போட்டுக் குழாய் மாட்டினேன். முதலில் செங்கல் துண்டு, அதற்கு மேல் சல்லிக்கல், அதற்கு மேல் சிரட்டைக் கரி, எல்லாவற்றுக்கும் மேல் கொசுவுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையை நாலாக மடித்து விரித்தேன். குளத்துக்குள் ஒரு சின்ன மோட்டர் தண்ணீரை மேலே ஏற்றும். பீப்பாய்க்குள் இறங்கி வடிந்து மறுபடி குளத்துக்குள் விழும். இரண்டு வாரத்தில் பச்சை குறைந்தது. ஆனால் பீப்பாயைத் திறந்து பார்த்தால் கல்லிலும் வலையிலும் மண்ணிறமாக வழுவழு என்று ஒன்று ஒட்டியிருந்தது. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவன். அழுக்கு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று பீலித் தண்ணீருக்கு அடியில் வைத்து எங்களை அம்மா தேய்த்த தேய்ப்பு இன்னும் தோலில் இருக்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, செங்கல் சிவக்கச் சிவக்கப் பிரஷ் போட்டுக் கழுவினேன்.

இரண்டாம் நாள் தண்ணீர் பால் கலந்தது மாதிரி வெளுத்தது. மீன்கள் மேலே வந்து மூச்சுக்கு வாயைப் பிளந்தன. இரண்டு செத்துப்போயின. மாத்தளைக்குப் போய் மீன் கடையில் மற்ற ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். அந்த வழுவழுப்புதான் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிறதாம். அதற்கு உயிர் இருக்கிறதாம். குழாய்த் தண்ணீரில் போடும் மருந்து அதைக் கொன்றுவிடுமாம். வலையை மட்டும், அதுவும் குளத்துத் தண்ணீரிலேயே அலசினால் போதும் என்றார்.

அப்படியே செய்தேன். மேற்கு வெயில் விழும் பக்கம் கறுப்பு வலை கட்டினேன். தண்ணீரில் மிதக்கும் செடி கொஞ்சம் விட்டேன். ஒரு மாதத்தில் அடியில் நான் பூசிய கரண்டித் தடம்கூடத் தெரிந்தது. அவள் வந்து குனிந்து ஐந்து மீனையும் எண்ணினாள்.

"இப்பத்தாங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு."

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "மறுபடி கலங்கிருக்குங்களே."

நான் பார்த்தேன். எனக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனாலும் வலையை எடுத்து அலசினேன். அடுத்த வாரமும் சொன்னாள். கரியை மாற்றினேன். பிறகு, "நூல் நூலா என்னமோ மெதக்குதுங்க, கறுப்பா" என்றாள். நூல் மாதிரி ஒரு பாசி உண்டு என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். தேயிலை வடிகட்டியைக் குச்சியில் கட்டிக் குளம் முழுக்கத் துழாவினேன். ஒரு நூலும் அகப்படவில்லை. என் கண்ணுக்குப் படவில்லை, அவள் கண்ணுக்குப் படுகிறது என்றுதான் நினைத்தேன். இன்னொரு பீப்பாய் தேடிப் பிடித்து முதல் பீப்பாயோடு சேர்த்து மாட்டினேன். அதற்குள் ஆற்று மணலைப் பத்துத் தடவை அலசிப் போட்டேன்.

அவளுக்குச் சீனி வருத்தம் வந்து ஆறேழு வருஷம். மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்கில் மாத்திரை எடுப்பாள். கண்ணையும் ஒருமுறை காட்டச் சொல்லி அங்கே துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார்கள். அவள் அதை என்னிடம் நீட்டிச் சிரித்தாள். "என் கண்ணயாம்! அவங்க கண்ணக் காட்டச் சொல்லுங்க." நானும் சிரித்தேன். துண்டு அலுமாரிக்குள் போனது.

சித்திரை கழிந்து ஒரு நாள் ஸ்டோர் முதலாளி எங்கள் கடைக்கு ஆணி வாங்க வந்தார். முஸ்லிம் மனிதர், மரியாதையாகப் பேசுபவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, வீட்டுல ஏதும் கரச்சலா? தங்கச்சி பிரிக்கிற சரக்குல இப்ப மஞ்சளும் செவப்பும் கலந்து ஈக்கு. நான் அவட்ட ஒண்டும் கேக்கல்ல. பதினெட்டு வருஷத்து ஆள்ட்ட எப்பிடிக் கேக்குற?"

"ஒண்ணுமில்லங்க. கொஞ்சம் அசதி" என்றேன். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வாரமே நான் ஒரு காரியம் செய்தேன். கோப்பைக்கு அடியில் வைக்கும், நீலப் பூப் போட்ட வெள்ளைப் பீரிசு ஒன்றைக் குளத்தின் அடியில் போட்டேன். மேலே நின்று பார்த்தால் பூவின் இதழ்கூட எண்ண முடிந்தது. அவளைக் கூப்பிட்டு, "அடியில ஏதும் தெரியுதா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "என்னத்தத் தெரிய? பொகை மாதிரிக் கெடக்கு. ரெண்டு பீப்பா வச்சும் இந்தக் கதிதானா? ஒங்க வேலயும் ஒங்க பீப்பாயும்!"

 அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரில் ஒன்றுமில்லை புள்ள, பீரிசு பளிச்சென்று தெரிகிறது என்று. அதைச் சொன்னால் முதலாளி சொன்னதையும் சொல்ல வேண்டி வரும். அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். "ஆமா, இன்னும் கலங்கல்தான்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகும் நான் வலையை அலசிக்கொண்டே இருந்தேன். கைக்கு வேலை இருந்தால் வாய்க்கு வேலை இல்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். எது சரியாகும் என்று யோசிக்கவில்லை.

தீபாவளிக்கு மகள் வந்தாள். உள்ளே நடந்ததைப் பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள். அம்மா தேத்தண்ணி ஊற்றும்போது பாதி மேசையில் போனதைப் பார்த்தாள். கேத்தலை வாங்கி வைத்துவிட்டு அம்மாவின் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"அம்மா, இது எத்தன வெரல்?"

"என்னடி, என்னயவே சோதிக்கிறியா? வெக்கங்கெட்டவளே!"

"சொல்லும்மா."

"ரெண்டு."

மகள் விரலை நீட்டியிருக்கவில்லை. கையைப் பொத்தி வைத்திருந்தாள். எழுந்து பின்பக்கம் வந்தாள். நான் வலையை அலசிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அம்மாவுக்குக் கண்ணு தெரியல. ஒங்களுக்குத் தெரியாதா?"

"குளந்தான் கலங்கலுன்னு சொல்லிக்கிட்டிருந்தா."

அவள் குளத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தண்ணி கண்ணாடியா கெடக்கேப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கண்டியில் காட்டினோம். கண்ணுக்குள்ளே இரத்த நரம்பு கசிந்து இரத்தம் கட்டியிருக்கிறது, அவள் பார்த்த கறுப்பு நூலும் புகையும் அதுதான் என்றார் டொக்டர். வலதுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று, இடது கண்ணுக்கு மட்டும் லேசர் வெளிச்சம் வைத்துச் சுட்டார்கள். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்று அவர் மெதுவாகச் சொன்னபோது அவள் என் பக்கம் திரும்பினாள். கட்டுப் போட்ட கண்ணோடு என்னைப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் திரும்பினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"ஒங்களுக்குத் தண்ணி எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

"தெளிவாத்தான்."

"எப்பருந்து?"

"ஆரம்பத்துலருந்தே."

மாத்தளையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நான் சொல்ற எல்லாத்துக்கும் தலையாட்டுவீங்க. இதுக்குமா?" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். 

இப்போதும் மோட்டர் ஓடுகிறது. நிறுத்தினால் மீன் செத்துவிடும். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. அவள் பின்பக்கம் வருவதில்லை. வாளியை நான் குளியலறைக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.

ஸ்டோருக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். போன மாதம் முதலாளி ஓட்டோவில் அரை மூட்டை சாதிக்காய் அனுப்பியிருந்தார். வசவாசிக்குத்தான் நிறம் பார்க்க வேண்டும், காயைக் கையிலேயே பிரிக்கலாம், வீட்டில் இருந்தே செய்யட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது மெய்தான். காய்ந்த காயைக் காதடியில் வைத்துக் குலுக்கினால் உள்ளே ஆடும். பூச்சி குடைந்தது கனமில்லாமல் இருக்கும். பாயை விரித்து உட்கார்ந்தவள் சாயந்தரம் வரை எழும்பவில்லை. கண் போன பிறகு அவள் முகம் அப்படி மலர்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வலது பக்கம் நல்லது, இடது பக்கம் கழிவு.

"எப்பிடிங்க? பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

நல்ல குவியலைக் கையால் பரப்பினேன். கனமும் சத்தமும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் பத்துப் பன்னிரண்டு காயில் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தது. கைக்குத் தெரியாத மெல்லிய பூஞ்சணம். அவற்றைச் சத்தமில்லாமல் பொறுக்கிக் கழிவில் போட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது.

"கொஞ்சத்துல பூஞ்சணம் இருக்கு புள்ள" என்றேன்.

"எத்தனையில?"

"பத்துப் பன்னண்டு இருக்கும்."

அவள் கையை நீட்டினாள். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பெருவிரலால் தடவிப் பார்த்தாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இப்பத்தான் ஒங்களுக்கு வாய் வந்திருக்கு" என்றாள்.

கோபமாகச் சொன்னாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூட்டையின் வாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்தேன். நல்லதையும் கழிவையும் ஒன்றாகவே அள்ளி உள்ளே போட்டாள். கடைசிக் காய்வரை பாயைத் தடவித் தடவி எடுத்தாள். "முதலாளிக்கே திருப்பிக் குடுத்துருங்க, கண்ணுள்ளவங்க பிரிக்கட்டும்" என்றாள். அடுத்த நாள் காலையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு போய் ஸ்டோரில் இறக்கினேன். முதலாளி மூட்டையை அவிழ்க்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனேன்.