அடைப்பறையில் ஒரு பதில்

தானியக் கிடங்கின் வாசலில் பூண்டு நின்றுகொண்டிருந்தால் யாரும் சும்மா உள்ளே போய்விட முடியாது. லாரி ஓட்டி வந்தவரானாலும் சரி, எடைமேடையைச் சரிபார்க்க வந்த அதிகாரியானாலும் சரி, அவரோடு ரெண்டு வார்த்தை பேசியாக வேண்டும். எங்கேயிருந்து வர்றீங்க, சாப்பிட்டாச்சா, வெயில் எப்படி என்று எதையாவது கேட்பார். என்ன பதில் வருகிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. தலையைச் சாய்த்துக்கொண்டு குரலை மட்டும் கேட்பார். கேட்டு முடித்து, "சரி, போங்க" என்பார். வயசானால் சிலருக்கு வாய் நீளும், இந்த மனுஷனுக்குக் காது நீண்டுவிட்டது என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேலி செய்வார்கள். ஏன் இப்படி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

பூண்டு என்பது பட்டப்பெயர். வண்டு விழுந்த தானியத்தை அறையில் அடுக்கி, விஷ மாத்திரை வைத்து, காற்றுப் புகாமல் அடைப்பதுதான் அவர் வேலை. அந்த மாத்திரையிலிருந்து கிளம்பும் வாயு அழுகின பூண்டு மாதிரி நாறும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை அவரை விடாது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். ஆனாலும் அந்த நாற்றத்தின் மேல் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆளைக் கொல்லக்கூடிய சாமான், நான் வருகிறேன் விலகிக்கோ என்று சொல்லிவிட்டு வருகிறதே, அதற்குமேல் என்ன வேண்டும் என்பார்.

அடைப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு வழக்கம். அறையின் பெரிய கதவை உள்ளங்கையால் தட்டி, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று உரக்கக் கேட்பார். அவர் வேலைக்கு வருவதற்கு முந்தி ஒருத்தர் மூட்டைச் சந்தில் தூங்கிப்போய், கதவை அடைக்கிற நேரத்தில் தும்மினதால் பிழைத்தாராம். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து பூண்டு கூப்பிடாமல் அடைத்ததில்லை. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காதைக் கதவில் வைத்துக்கொண்டு நிற்பார். பின்னால் மூட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். "வண்டு பதில் சொல்லுதாண்ணே?" என்று யாராவது கேட்பார்கள். அத்தனை வருஷத்தில் எந்தப் பதிலும் வந்ததில்லை.

அவருக்கு ஓர் அக்கா. அவளுக்கும் விஷத்துக்கும் ஆகாது. வயலுக்கு மருந்தடித்து மருந்தடித்தே அத்தானின் நெஞ்சு கெட்டுப்போய், மனுஷன் மூச்சுக்குத் தவித்துத் தவித்துச் செத்தார். அதற்குப் பிறகு அக்கா தன் நிலத்தில் ஒரு சொட்டு மருந்து விழவிடவில்லை. தன்னோடு நிற்காமல் பக்கத்து நிலத்துக்காரர்களையும் விடாப்பிடியாகப் பிடித்து, பேசிப் பேசிக் கரைத்து, ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டாள். முதல் சில வருஷம் விளைச்சல் படுத்துவிட்டது. எல்லாரும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பிறகு மண்ணில் மண்புழு வந்தது, சோளமும் தேறியது. ஆனால் கிடங்கில் எல்லாச் சோளமும் ஒரே சோளம்தான், ஒரே விலைதான். பாடுபட்டவளுக்கும் பாட்டில் திறந்தவனுக்கும் ஒரே தராசு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அப்போதுதான் கடல் தாண்டி ஒரு வியாபாரி கிடைத்தார். விஷ வாடையே படாத சோளமானால் நல்ல விலை தருகிறேன் என்றார். "இந்தக் கப்பல் போச்சுன்னா சங்கம் நிக்கும்டா தம்பி. போகலேன்னா எல்லாரும் மறுபடி மருந்து டப்பாவைத் தூக்கிருவாங்க" என்றாள் அக்கா. தம்பி வீட்டுக்கு வந்தால் முற்றத்துக் குழாயில் கைகால் கழுவாமல் வாசற்படி ஏறவிடாதவள், "விஷக்காரா" என்று கூப்பிட்டே வளர்த்தவள், முதல்தடவையாக அவரிடம் ஓர் உதவி கேட்டு நின்றாள். ஏனென்றால் சோளத்தில் கூன்வண்டு விழுந்திருந்தது.

வாங்குகிறவர் விஷம் கூடாது என்கிறார். துறைமுகத்தில், உயிரோடு ஒரு வண்டு இருந்தாலும் கப்பலில் ஏற்றமாட்டேன் என்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்து எழுதிவிடுகிறார்கள், நடுவில் கிடந்து முழிப்பது சோளக்காரர்கள். கிடங்கு அதிகாரியம்மாதான் ஒரு வழி சொன்னார். சிலிண்டரில் வருகிற ஒரு வாயுவை அறைக்குள் விட்டால் அது காற்றை வெளியே தள்ளிவிட்டு நிரம்பிக்கொள்ளும், வண்டு மூச்சுமுட்டிச் செத்துவிடும், சோளத்தில் ஒன்றும் ஒட்டாது. மாத்திரையைவிட நாள் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

"அது என்னடா காத்து?" என்று அக்கா கேட்டாள்.

"சோடாவைத் திறந்தா புஸ்ஸுன்னு வருமே, அதேதான்க்கா. விஷமில்லே."

பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னார். அங்கே மூச்சுவிடக் காற்றே இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நாற்றத்தையே அபாயமாக நினைத்துப் பழகிய மூக்கு அவருடையது. நாறாத ஒன்றைப் பற்றி எச்சரிக்க அவருக்கு வாய் வரவில்லை. அக்கா சங்கம் முழுக்க, "சோடாக் காத்துதானாம்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடைக்கிற அன்று அக்காவும் வந்திருந்தாள். பெரிய கதவின் இடுக்குகளுக்குப் பசை பூசத் தயாராக ஆட்கள் நின்றார்கள். பூண்டு வழக்கம்போல் தட்டினார். "உள்ளே யாராவது இருக்கீங்களா?" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இருக்கேண்டா தம்பி."

உள்ளேயிருந்து வந்தது. இடது கோடி மூலையிலிருந்து, தரையோடு தரையாக, தூக்கக் கலக்கத்தில் பேசுவது மாதிரி. அக்காவின் குரல்.

பூண்டு திரும்பிப் பார்த்தார். அக்கா அவருக்குப் பின்னால்தான் நின்றாள், ஒரு வாய்ச் சோளத்தை மென்றுகொண்டு.

"நீ ஏதாவது சொன்னியா?"

வாயைச் சுட்டிக்காட்டி இல்லை என்று தலையாட்டினாள். மென்று விழுங்கிவிட்டு, "என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றாள்.

பூண்டு ஆட்களை உள்ளே அனுப்பினார். இடது மூலை மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றுமில்லை. வேலை கெடுகிறதே என்று ஆட்கள் முணுமுணுத்தபடி மறுபடி அடுக்கினார்கள். எதிரொலியாக இருக்கும் என்றார் அதிகாரியம்மா. நாம் கேட்ட கேள்விக்கு எதிரொலி பதில் சொல்லுமா என்று பூண்டுக்குத் தோன்றியது. கப்பல் காத்திருந்தது. அடைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கத்தைவிட்டு நகர்வதே அபூர்வமாகிவிட்டது. வண்டு விழுந்த தானியத்துக்கு ஒரு சத்தம் உண்டு. சுவரில் காதை வைத்தால் சரசரவென்று, காகிதம் கசங்குவதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கும். நாளாக ஆக அது மெலிந்தது. ஒரு நாள் சுத்தமாக நின்றுவிட்டது. வேறு அறைகளிலும் அப்படி நின்றிருக்கிறது, அவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். இந்த அறை மட்டும், உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே கவனித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

இதற்கு நடுவில் ஊருக்குள் சோளத்தின் விலை ஏறத் தொடங்கியது. ஏற்றுமதியை நிறுத்தப்போகிறார்கள் என்று முதலில் வதந்தி வந்தது, ஒரு மத்தியானம் செய்தியே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து தடை. அன்றைக்குள் சோள மாதிரியைத் துறைமுகத்தில் ஒப்படைத்த சரக்குக்கு மட்டும் விலக்கு. அதிகாரியம்மா சங்கதியை அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டு, அனுமதி வாங்க அந்த வெயிலிலேயே துறைமுகத்துக்கு ஓடினார். பூண்டு கிடங்குக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

அக்கா வந்து சேர்ந்தபோது அலுவலகத்தில் ஆளில்லை. மேஜை மேல், அடைப்பறையில் ஆள் மட்டும் நுழைகிற சின்னக் கதவின் சாவி கிடந்தது, பக்கத்தில் குத்தூசி, மூட்டையில் குத்தினால் தானியத்தை அள்ளிக்கொண்டு வரும் அந்த இரும்புக் குழல். சங்கத்தின் உயிர் ஒரு கைப்பிடிச் சோளத்தில் தொங்கும்போது அவள் எதற்காகக் காத்திருப்பாள்? விஷமா என்ன, சோடாக் காற்றுதானே.

கை கழுவிவிட்டு வந்த பூண்டு, சின்னக் கதவுக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்தார். அக்கா தானியம் இருக்கும் இடத்தில் செருப்புக் காலோடு நுழையமாட்டாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரே இருட்டு. எந்த வாடையும் இல்லை.

அவருடைய முகமூடி விஷத்தை வடிகட்டும், இல்லாத காற்றை உண்டாக்கித் தராது. ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். அந்த ஒரு மூச்சுக்குள் அத்தனை சந்துகளில் எதில் தேடுவது? பெரிய கதவைத் திறந்தால் வாயு போய்விடும், செய்ததெல்லாம் வீண், கப்பலும் போய்விடும். அவர் யோசிக்கவே இல்லை. "பெரிய கதவை உடைங்கடா" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

தேடவில்லை. நேராக, அன்று குரல் வந்த இடது கோடி மூலைக்குப் போனார். துறைமுகத்துக்காரர்கள் மூலை மூட்டையைத்தான் குத்திப் பார்ப்பார்கள் என்று அக்காவுக்குத் தெரியும், அதனால் அங்கேதான் போயிருந்தாள். குனிந்து தடவினார். கையில் தலைமயிர் அகப்பட்டது. இழுத்தார். கதவு உடையும் சத்தமும் வெளிச்சமும் ஒன்றாக வந்தன, அதற்குப் பிறகு அவருக்கும் நினைவில்லை.

அக்கா பிழைத்தாள். கப்பல் வேறு யாருடைய சோளத்தையோ ஏற்றிக்கொண்டு போனது. கதவடைத்த ஏற்றுமதி வருஷம் திரும்பியும் திறக்கவில்லை. விஷம் குடித்த சோளத்தோடு அக்காவின் சோளமும் ஒரே குவியலாகக் கொட்டப்பட்டது. சங்கத்தில் பாதிப்பேர் மருந்து டப்பாவுக்கே திரும்பிப் போனார்கள். சின்னக் கதவு வழியாகவே இழுத்திருக்கலாமே, பெரிய கதவை ஏன் உடைத்தான் என்று பூண்டின் காதுபடவே பேசினார்கள். அன்று அவர் வீட்டில் உட்கார்ந்து அழுதார்.

படுக்கையிலிருந்து எழுந்த அன்று அக்கா சொன்னாள், "நல்லவேளை, நீ கூப்பிட்டே."

"நான் எங்கேக்கா கூப்பிட்டேன்? மூச்சைப் பிடிச்சிட்டு வாயை மூடிட்டுல்ல வந்தேன்."

"காது குத்தாதேடா. கதவைத் தட்டி, உள்ளே யாராவது இருக்கீங்களான்னு கேட்டே. உன் பின்னாடி யாரோ சிரிச்சாங்க. இருக்கேண்டா தம்பின்னு சொன்னேனே, கேக்கலியா?"

"கேட்டுச்சுக்கா" என்றார். எப்போது கேட்டது என்று சொல்லவில்லை.

"கூப்பிட்டா பதில் சொல்லாம எப்படிடா இருக்கறது" என்று சொல்லிவிட்டு அவள் தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

இந்த வருஷம் ஏற்றுமதி மறுபடி திறந்திருக்கிறது. சங்கத்தில் மிச்சம் நின்ற சிலரின் சோளம் அதே அறையில், அதே வாயுவில் இருக்கிறது. அடைக்கிற அன்று பூண்டு தட்டிக் கூப்பிட்டார். இந்தத் தடவை பதில் பெரிய கதவுக்குப் பின்னாலேயே, வலது பக்கத்திலிருந்து வந்தது. "இருக்கேங்க, கதவைத் திறங்க." அவருக்குத் தெரியாத குரல். எல்லா மூட்டையையும் இறக்கித் தேடினார்கள், யாருமில்லை. அடைத்தபிறகு இரண்டு கதவுகளின் சாவிகளையும் தன் இடுப்பிலேயே முடிந்துகொண்டார். அன்றிலிருந்துதான் வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் பேசவைத்துப் பார்க்கிறார்.

இன்று காலை ஆட்டோவிலிருந்து ஒரு சின்னப் பெண் இறங்கினாள். கையில் குத்தூசி. முகமெல்லாம் அவசரம்.

"எங்கேயிருந்தும்மா வர்றே?" என்று பூண்டு கேட்டார்.

"துறைமுகத்துலேருந்துங்க, மாதிரி எடுக்க. நாளைக்கு மறுபடி தடை போடறாங்களாம், நேரமே இல்லே. கொஞ்சம் கதவைத் திறங்க."

பூண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அதே குரல். இடுப்பிலிருந்த சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் கையிலிருந்த குத்தூசியை மெதுவாக வாங்கிக்கொண்டு, "திறக்கலாம்மா. முதல்ல என்கூட வா, சாப்பிடலாம்" என்றார்.