போகாதவன் எழுதிய பயணச் சொற்கள்

போர்த்துக்கீச மொழியில் நடப்பதற்கு அந்தார் என்பார்கள். பயணம் போவதற்கு வியஜார். அந்த மொழி பேசுகிற ஒருவரைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. உச்சரிப்பு சரியோ பிழையோ, எழுத்துக் கூட்டிப் படித்ததுதான். ஆனால் அந்தச் சொற்களை இன்னொருவர் வாயில் கேட்டபோது என் வயிறு எரிந்ததே, அப்படி வேறு எதற்கும் எரிந்ததில்லை.

இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அப்போது இளைய கிளாக்கர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஹட்டனில் படித்தவன். மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே மேசை. அவர் என்னை ‘நீர்’ என்பார், நான் அவரை ‘நீங்க’ என்பேன். ஏன் அப்படி என்று நாங்கள் யோசித்ததே இல்லை. நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

உதவி மேனேஜரான எங்கள் சின்னத்துரைக்கு, போர்த்துக்கீசர் ஆண்ட ஆப்பிரிக்கப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கூட ஒரு கிளாக்கரையும் அழைத்துப் போகலாமாம். எங்கள் இருவரையும் கூப்பிட்டு மேசைமேல் இரண்டு புத்தகங்களை வைத்தார். ஒன்று இங்கிலீஷ் - போர்த்துக்கீச அகராதி. மற்றது, புதிதாக வந்து இறங்கும் துரைமார் தமிழ் படிக்கிற சின்னப் புத்தகம். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் நம்முடைய தமிழ். அதே மாதிரி போர்த்துக்கீசத்தில் ஒன்று செய்து தர வேண்டும். நன்றாகச் செய்கிறவர் என்னோடு வரலாம் என்றார்.

சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்தோம். முதல் பாடமே நடையும் பயணமும். நட. வேகமாக நட. மலைக்குப் போ. நில். எங்கே போனாய்? புத்தகம் முழுக்க ஏவல்தான். யாழ்ப்பாணத்தார் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விட்டார்.

“ஐசே, உம்மட கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. நீர் எழுதும், நான் பாக்கிறன்.”

“பாத்துக்கிட்டே இருங்க. ஆப்பிரிக்காவுக்குப் போயி ஒங்களுக்குக் கடுதாசி போடுறேன்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது விளையாட்டு இல்லை.

ஏவல்களை முடித்த பிறகு எனக்கென்று தனியாக ஒரு தாள் எடுத்தேன். நான் நடக்கிறேன். நான் பயணம் போகிறேன். வழி தவறிவிட்டேன். வந்து சேர்ந்துவிட்டேன். இவையெல்லாம் துரைமார் புத்தகத்தில் இல்லை. பஸியார் என்று ஒரு சொல் அகப்பட்டது. வேலைவெட்டி இல்லாமல் சும்மா காலாற நடப்பதற்கென்றே ஒரு சொல்! அடேயப்பா! எங்கள் தோட்டத்தில் ஒருவன் சும்மா நடந்தால், எதிரே வருகிற கண்காணி ‘எங்கடா போற?’ என்று கேட்காமல் விடமாட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே கப்பல் ஏறலாம் போலிருந்தது.

சின்னத்துரை என் நோட்டைப் புரட்டிப் பார்த்து நீதான் வருகிறாய் என்றார். பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னார்.

பாஸ்போர்ட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு அது இல்லாமல் போயிருந்தது. மனுப் போட்டு, இந்த நாட்டிலேயே விடாமல் குடியிருந்ததாக நிரூபிக்க வேண்டும். என் மனு விசாரணைக்கு வந்தபோது சாட்சிக்கு அம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். அம்மா கொழுந்து பறிப்பவர். அன்று பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தார்.

மகன் எங்கே வளர்ந்தான் என்று அதிகாரி கேட்டார்.

“இங்கதாங்க, லயத்துலதாங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நாங்கள் முறையான குடும்பம் என்று காட்ட வேண்டும் அம்மாவுக்கு. “மூணு வயசுல இந்தியாவுக்குத் தூக்கிக்கிட்டுப் போயி, குலசாமிக்கு முடியெறக்கி, காது குத்திக் கொண்டாந்தோம்ங்க. ஒரு கொறையும் வைக்கலீங்க.”

“எவ்வளவு நாள் இருந்தீங்க?”

“போன எடத்துல எனக்கு மேலுக்கு முடியாமப் போச்சுங்க. பதினாலு மாசம் கழிச்சுத்தான் திரும்பிக் கப்பல் ஏறினோம்.”

ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் விடாமல் குடியிருந்ததாகாதாம். மனு தள்ளுபடி. அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து நான் போன பயணம், எனக்கு நினைவில்கூட இல்லாத பயணம், என்னை ஒரேயடியாக உட்காரவைத்துவிட்டது.

“ஒன்ன யாரு அதச் சொல்லச் சொன்னா?” என்று பஸ்சில் எல்லோரும் பார்க்கக் கத்தினேன்.

“சாமிக்குச் செஞ்சதச் சொன்னா தப்பாப்பா?” என்றார் அம்மா.

யாழ்ப்பாணத்தார் லீவில் ஊருக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழோடு திரும்பினார். பாஸ்போர்ட்டும் வந்தது. என் நோட்டு அவர் கைக்குப் போனது. என் மேசையிலேயே, எனக்கு எதிரே உட்கார்ந்து, அந்தார், வியஜார் என்று மனப்பாடம் செய்தார். சரியோ என்று என்னையே கேட்பார். சரியாகச் சொன்னதையும் பிழை என்று பத்துத் தரம் சொல்லவைத்தேன்.

“ஐசே, இது உமக்குக் கிடைச்சிருக்க வேணும். எனக்கு மனம் சரியில்லை.”

“பரவாயில்லைங்க” என்றேன். கப்பல் கவிழ வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

கப்பல் கவிழவில்லை. மூன்று மாதம் கழித்து, நான் பார்த்தேயிராத முத்திரை ஒட்டிய கடிதம் வந்தது. ‘ஆட்களை ஏவுகிறதுக்கு உம்முடைய நோட்டில் எல்லாச் சொல்லும் இருக்கிறது. பின்னேரங்களில் கடைத்தெருப் பக்கம் போனால் நான் யார், எங்கே போகிறேன் என்று சொல்ல ஒரு சொல்லும் இல்லை. ஊமை மாதிரித் திரிகிறேன். துரையிடம் கேட்க வெட்கமாயிருக்கிறது. உமக்குத் தெரிந்திருக்கும், எழுதி அனுப்பும்’ என்று எழுதியிருந்தார்.

என் தாள் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

“யாருப்பா, அந்த யாழ்ப்பாணத்துத் தம்பியா? ஒன்னயும் வரச் சொல்லியிருக்காரா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து ஆசையாகக் கேட்டார்.

“இல்லம்மா. நடக்குறதுக்கும் போறதுக்கும் கொஞ்சம் சொல்லு கேட்டிருக்காரு.”

“இருந்தா குடுத்துட வேண்டியதுதானே. அதெல்லாம் நமக்கு எதுக்கு?”

அன்றைக்கே பதில் எழுதினேன். அகராதி துரையோடு போய்விட்டது, என்னிடம் ஒன்றும் இல்லை என்று.