படுக்க வைத்துப் பொட்டு வைத்த பெட்டி

மராட்டி பேசும் ஊரான ஹடப்சரில் நான் இருந்த ஒற்றை அறை வீட்டில் என்னைத் தவிர சத்தம் போட்டது என் கம்ப்யூட்டர் மட்டும்தான். அதன் பிராசஸரின் சூட்டை ஒரு திரவம் ஓடி ஆற்றியது. சின்ன பம்பு ஒன்று அந்தத் திரவத்தைக் குழாய் வழியாகப் பெட்டியின் மேல்புறம் இருந்த ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே ஆறித் திரும்பி வரும். பம்பு ஓடும் சத்தம், பக்கத்து அறையில் யாரோ வாயைத் திறக்காமல் பாட்டு முனகுவது போல இருக்கும். எனக்குப் பக்கத்து அறை கிடையாது. அதனால்தானோ என்னவோ, வேலை இல்லாத நேரத்திலும் அதை நான் அணைக்க மாட்டேன். கடைக்குப் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும். பூட்டைத் திறந்ததும் அந்த முனகல் காதில் விழ வேண்டும்.

அது என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அப்பா சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். அம்மா அதே ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாகக் கால் வைத்த முதல் ஆள் நான். கட்டப்போகும் கட்டடங்களைக் கட்டி முடித்தது போலவே படமாக்கிக் காட்டுவது என் தொழில். மகர்பட்டாவில் ஓர் அலுவலகத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கியபோது கண்ணாடிக் கதவும் உள்ளே கறுப்புக் குழாய்களும் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். கொஞ்சம் பகட்டு என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

வீடியோ அழைப்பில் காட்டியதும் அம்மா பதறினாள். "கரண்டுக்குள்ளயா தண்ணி உடுவாங்க? தொடாத கண்ணு!"

அப்பாவுக்குச் சிரிப்பு. "லாரி ரேடியேட்டரு மாதிரிடி. ஏம்மா, மேடு ஏறுனா உன் பொட்டி கொதிக்குமா?"

"அது எங்கப்பா மேடு ஏறப்போகுது? மேஜை மேலயேதான் இருக்கும்."

அலுவலகத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எனக்கு சீனியர். அவருக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கையே இல்லை. "ஏனுங்க மேடம், ஃபேன் கெட்டா கடகடன்னு கத்தும், வேற மாட்டிக்கலாம். பம்பு கெட்டா சொல்லிட்டா கெடும்? மூடி வெச்ச தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு திறந்து பாக்கவும் முடியாதுங்களே."

"மூணு வருஷமா ஒரு துளி ஒழுகல சார். உங்களுக்குப் பொறாமை."

"பொறாமைதானுங்க. எங்கூட்ல தண்ணியே வர்றதில்ல, உங்க கம்ப்யூட்டருக்கு வருதே!"

அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது, இந்தப் பெட்டியை நம்பித்தான் வந்தேன். தளேகாவ் பக்கம் ஒரு குடியிருப்பு கட்டப்போகிறவர்கள் அதைச் சுற்றிக் காட்டும் ஒரு வீடியோ கேட்டிருந்தார்கள். என் பெயரில் வந்த முதல் வேலை. அதைச் சொன்ன நாளில் கொடுத்தால் தனியாகவே பிழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மகர்பட்டாவுக்குத் திரும்பிப் போய் பழைய நாற்காலியைக் கேட்க வேண்டும். அவர்கள் தந்துவிடுவார்கள். அதை நினைத்தாலே எனக்குக் கழுத்து சூடாகும்.

தசராவுக்கு மறுநாள் கொடுக்க வேண்டும். படங்களெல்லாம் தயார். அவற்றைக் கம்ப்யூட்டர் வீடியோவாகக் கோத்துக் கொடுக்க ஒரு முழுப் பகல் ஓட வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஆயுத பூஜை அன்று அதை அணைத்து ஓய்வு கொடுத்தேன். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கருவி எதையும் தொடக் கூடாது. அப்பாவின் மூட்டைக் கொக்கிக்கும் அம்மாவின் கத்திக்கும் பக்கத்தில் என் பள்ளிப் புத்தகங்களை அடுக்கி மூன்றுக்கும் ஒரே சந்தனம் வைப்பார்கள். மறுநாள் காலையில்தான் எடுப்போம்.

அம்மா அழைப்பில் இருந்தபடியே பூஜையை நடத்தினாள். நான் கண்ணாடிக் கதவில் சந்தனம் வைத்தேன். வழிந்தது.

"தண்ணியா கரைச்சுப்புட்ட. நிக்க வெச்சு வெச்சா வழியாம என்ன பண்ணும்? படுக்க வெச்சு வையி கண்ணு."

பெட்டியைத் தரையில் இறக்கி, கோலத்தின் மேல், கண்ணாடி மேலே பார்க்கும்படி படுக்க வைத்தேன். பெரிய பொட்டாக வைத்துக் குங்குமமும் இட்டேன். செண்டுமல்லிச் சரம் போட்டேன். பம்பைவிட உயரத்தில் எப்போதும் ரேடியேட்டர் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பாகங்களை வாங்கி இந்தப் பெட்டியைப் பூட்டியவளே நான்தான். ஆனால் அன்றைக்கு அது எனக்குக் கம்ப்யூட்டராகத் தெரியவில்லை. சாமி முன் வைத்த பொருளாகத் தெரிந்தது. ஒரு பகலும் இரவும் அப்படியே கிடந்தது. வீட்டில் சத்தமே இல்லை. டிவி இல்லாத வீடு அது. நான் சீக்கிரமே படுத்துவிட்டேன்.

தசரா காலை கற்பூரம் காட்டி, பெட்டியை நிமிர்த்தி மேஜைமேல் வைத்து, வீடியோவை ஓட விட்டேன். பழைய முனகல் வரவில்லை. யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம் வந்தது. திரையில் பிராசஸரின் சூடு கிடுகிடுவென்று ஏறியது. காபி கலப்பதற்குள் பெட்டி தானாகவே அணைந்துவிட்டது.

என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. மூடிய குழாயாக இருந்தாலும் அதன் சுவர் வழியே வருஷக்கணக்கில் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறைந்த இடத்தில் காற்று சேரும். நிமிர்ந்து நிற்கும்வரை அந்தக் காற்று மேலே ரேடியேட்டரில் சும்மா இருக்கும். படுக்க வைத்ததும் நகர்ந்து பம்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபேனாக இருந்தால், அது நின்றாலும் அதனோடு உள்ள அலுமினியத் தகடுகள் கொஞ்ச நேரம் தாங்கும். இதில் தண்ணீர் நகராவிட்டால் சூடு அங்கேயே நிற்கும்.

பெட்டியை முன்னும் பின்னும் சாய்த்து, பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் காற்று மேலே ஏறும். அதற்கு ஒருவர் பெட்டியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் ஸ்விட்சைப் போட வேண்டும். ஸ்விட்ச் சுவரில் இருந்தது. பெட்டியைத் தொடைமேல் சாய்த்து அணைத்துக்கொண்டு காலை நீட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் எட்டவில்லை. பண்டிகை நாள், கடை எதுவும் திறந்திருக்காது. கோயம்புத்தூர்க்காரரிடம் இதேபோல் இன்னொரு கம்ப்யூட்டர் உண்டு, கேட்டால் கொடுப்பார். செய்தியை எழுதினேன். அழித்தேன். "நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே" என்பது என் காதில் ஏற்கெனவே கேட்டுவிட்டது.

இந்த ஊரில் ஸ்விட்ச் போடச் சொல்ல வேறு யாரைத் தெரியும் என்று யோசித்தேன். பெட்டி மடியிலேயே இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பெயர்கூடச் சேர்க்காமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கதவைத் தட்டினார்கள். எழுந்திருக்க முடியவில்லை. "குலா ஹை!" என்று கத்தினேன். திறந்துதான் இருந்தது.

எதிர்வீட்டுக் காகூ. மராட்டிக்காரம்மா; அவர்கள் மொழியில் காகூ என்றால் சித்தி. லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. தசராவுக்கு இங்கே வீடு வீடாகப் போய் ஆப்டா மரத்து இலையைத் தங்கம் என்று சொல்லிக் கையில் தருவார்கள். கையில் இலையோடு வந்தவர், பூச்சரமும் பொட்டுமாக என் மடியில் கிடந்த பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அக போரி, இதென்ன, குழந்தை மாதிரி மடியில் போட்டுத் தாலாட்டுகிறாயா?" என்று கேட்டார். ‘அடி பெண்ணே’ என்பது மட்டும் மராட்டி, மீதி இந்தி.

"காகூ, அந்த ஸ்விட்சைப் போடுங்கள். நான் சொன்னதும் அணையுங்கள்."

ஏன் என்று கேட்கவில்லை. இலையை மேஜையில் வைத்துவிட்டுப் போட்டார். அணைத்தார். போட்டார். நான் பெட்டியை இடமும் வலமும் சாய்த்தேன். கொப்பளிப்பு உரக்க எழுந்தது, சிறுத்தது, ஒரு பெரிய குமிழி குழாயில் ஏறுவது கைக்கே தெரிந்தது. பிறகு அந்தப் பழைய முனகல்.

"இதற்கு வயிற்றில் வாயுவா?" என்றார் காகூ.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. முகத்தைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவர் இலையை என் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கொடுக்க இன்னும் நிறைய வீடுகள் இருந்தன.

வீடியோ சாயங்காலம் முடிந்தது. மறுநாள் சொன்ன நேரத்தில் அனுப்பினேன். "அச்சா ஹை மேடம், அடுத்த கட்டடமும் நீங்களே செய்யுங்கள்" என்று பதில் வந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"பொட்டு வெச்சோமில்ல? அதான்" என்றாள்.

அந்தக் குளிர்விப்பானை இனி நம்ப முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வேலையைத் தொடங்கும் முன் அதைக் கழற்றி, கனத்த அலுமினியத் தகடுகளும் ஃபேனும் உள்ள ஒன்றை நானே மாட்டினேன். கழற்றியதைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். பாதிப் பாட்டில் தண்ணீர் போலச் சளசளத்தது. ஒரு துளி ஒழுகாமல் இவ்வளவு குறைந்திருக்கிறது. போனதெல்லாம் இந்த அறையின் காற்றில்தான் கலந்திருக்கும். அதைச் சுவாசிக்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஃபேன் சத்தம் முனகல் போல இல்லை, வெறும் காற்று. வேலை முடிந்ததும் இப்போது கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறேன். அப்படி அணைத்த முதல் நாள் ஒரு டப்பாவில் ஜவ்வரிசி வடாம் பொரித்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். காகூ தன் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியவில்லை. வடாம் நமத்துப்போகும் முன் நானே சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவி, கண்ணில் படும்படி கதவருகே வைத்திருக்கிறேன்.